ஓர்ப்படி வீட்டு ஒயின் ஃப்ரிட்ஜ்

ஸ்டீபன் வீட்டு ஹாலில் ஒயின் ஃப்ரிட்ஜ் வந்து உட்கார்ந்த ஒரு வாரத்திலேயே சுகிர்தாவுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. ஸ்டீபன் அவள் கணவன் ராஜமாணிக்கத்தின் தம்பி. அவன் மனைவி செண்பகம் சுகிர்தாவுக்கு ஓர்ப்படி. இரண்டு குடும்பமும் கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே ஒரே காலனியில், ஒரே தெருவில், நடுவில் இரண்டு வீடு விட்டுக் குடியிருந்தன. இந்த வீட்டில் மீன் பொரித்தால் அந்த வீட்டுக்கு வாசனை போகும். ஃப்ரிட்ஜ் வந்தால் தெரியாமல் போகுமா?

ஸ்டீபன் தொழிற்பேட்டையில் ஒரு வெளிநாட்டு மேனேஜருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். மேனேஜர் வேலை முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பியபோது வீட்டுச் சாமான்களை ஆட்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்தார். வாஷிங் மெஷின் சமையல்காரருக்கு, டிவி வாட்ச்மேனுக்கு. ஸ்டீபன் அன்றைக்கு லேட்டாகப் போனதால் அவனுக்கு மிஞ்சியது இதுதான். இடுப்பு உயரம், கண்ணாடிக் கதவு, பாட்டிலைப் படுக்க வைக்கக் கம்பித் தட்டுகள், உள்ளே ஒரு நீல விளக்கு. இட்லி மாவுப் பாத்திரம் அதற்குள் போகாது. பால் பாக்கெட்டை வைத்தால் கம்பி இடுக்கில் வழுக்கி விழும். எதற்கும் உதவாத சாமானைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று முதல் வாரம் முழுக்க சுகிர்தா தெருவில் சொல்லிச் சிரித்தாள். அது எதற்கு உதவும் என்பது சபைக் கமிட்டிக்கு உறைத்ததும் அவள் சிரிப்பு நின்றது.

அவர்கள் தெருமுனைக் கோயில் சின்னது. மின்விசிறிகூட நன்கொடையாக வந்ததுதான். திருவிருந்துக்கு வேண்டிய திராட்சை ரசத்தைக் கடையில் வாங்கும் வழக்கம் இல்லை, சபையில் யாராவது ஒருத்தர் வீட்டில் போட்டுக் கொடுக்க வேண்டும். பல வருஷமாக அந்த ஒருத்தர் சுகிர்தா. பொன்னேரி சந்தைக்குத் தானே போய்ப் பன்னீர் திராட்சையை ஒவ்வொரு கொத்தாக முகர்ந்து பார்த்து வாங்குவாள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, சர்க்கரையோடு பிசைந்து, பீங்கான் ஜாடியில் அடைத்துத் துணி கட்டி வைப்பாள். அந்த அறைக்குள் செருப்போடு யாரும் போகக் கூடாது. ராஜமாணிக்கம் பீடி பிடித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால்கூட வசவு விழும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆயர் கிண்ணத்தைத் தூக்கும்போது சபையே தலை குனியும். சுகிர்தா மட்டும் அரைக் கண்ணைத் திறந்து கிண்ணத்தைப் பார்ப்பாள். அவள் பெயரில் வீட்டுப் பட்டா கிடையாது, கம்பெனியில் பெரிய பதவி கிடையாது. இது இருந்தது.

போன கோடையில் வெயில் கொளுத்தியதில் ஒரு ஜாடி புளித்துப் போயிற்று. ஆயர் முதல் மிடறிலேயே முகத்தைச் சுளித்தார், பின்வரிசைக் கிழவர் ஒருவர் இருமினார். அதே மாதம்தான் இந்த ஃப்ரிட்ஜும் வந்து சேர்ந்தது. கமிட்டி கூடிப் பேசி, இனிமேல் ரசம் ஸ்டீபன் வீட்டில் இருக்கட்டும், அங்கேதான் குளிர்ச்சி இருக்கிறது என்று முடிவு செய்தது. வைப்பது அங்கே என்றானதும், போடுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று செண்பகம் சொல்லிவிட்டாள். “அக்காவுக்கு ஷிப்டு வேலை, பாவம்” என்றாளாம். அந்தப் ‘பாவம்’ என்ற வார்த்தை சுகிர்தாவை ஆறு மாதமாகத் தூங்கவிடவில்லை.

செண்பகம் ஃப்ரிட்ஜை வைத்துக்கொண்ட விதம் வேறு அவள் கண்ணைக் கரித்தது. சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை வைத்து மூன்று பக்கமும் தொங்கும்படி அதற்கு ஒரு பாவாடை தைத்துப் போட்டிருந்தாள். ஃப்ரிட்ஜுக்குப் பாவாடை! டிசம்பர் வந்ததும் கிறிஸ்துமஸ் குடிலை அதன் தலையிலேயே கட்டினாள். வைக்கோல் கூரை, மண் பொம்மைகள், சுற்றிலும் பனி விழுந்த மாதிரி மருந்துக்கடைப் பஞ்சு. கீழேயிருந்து நீல வெளிச்சம் வந்து பஞ்சில் பட்டால் நிஜமாகவே பெத்லகேம் மாதிரி இருக்கிறது என்று தெருவே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. வியர்வை வழியும் ஊரில் எங்கிருந்து பனி என்று சுகிர்தா கேட்டாள். அவளோடு சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை.

இப்படி இருக்கையில்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் செண்பகம் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றாள்.

“அக்கா, செத்த வாயேன். ஃப்ரிட்ஜு மோசம் பண்ணிட்ச்சி. ரெண்டு நாளா கடகடன்னு சத்தம் போட்டுக்கினு இருந்திச்சி. காலையிலேர்ந்து சத்தமே காணோம். உள்ள பாட்டிலெல்லாம் வெதுவெதுன்னு கீது. நாளைக்கு ஆராதனை. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.”

சுகிர்தாவிடம் ஏன் வந்தாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. சுகிர்தா வேலை செய்யும் கம்பெனியில் மெஷின்களைக் குளிர வைக்கும் கையகல ஃபேன்கள்தான் தயாராகின்றன. ஓடும் ஃபேனைக் காதோரம் பிடித்துச் சத்தம் கேட்டு, நல்லதைப் பாஸ் போட்டு, கெட்டதை ஒதுக்குவது அவள் வேலை. பேரிங் தேய்ந்திருந்தால் அரைக்கிற சத்தம் வரும். இறக்கை எதிலாவது உரசினால் கடகட. கரண்ட் வந்தும் சுற்ற முடியாமல் மாட்டிக்கொண்டால் மெல்லிய முனகல். செண்பகம் சொன்னதைக் கேட்கும்போதே சுகிர்தாவுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதி மனசு வேறு ஏதோ கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. டெஸ்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உள்ளுக்குள் ஒரு குஷி இருந்தது, அதை அவள் தன்னிடமே மறைக்கவில்லை.

வீட்டில் ஸ்டீபன் இல்லை, பண்டிகைக்குக் கறி வாங்கப் போயிருந்தான். குடிலைப் பொம்மை பொம்மையாக இறக்கி மேஜைமேல் வைத்தார்கள். சுகிர்தா ஃப்ரிட்ஜின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். பின்பக்கம் மெல்ல முனகியது. விளக்கு எரிந்தது. கதவு மேலிருந்த டிஸ்ப்ளேயில் இருபத்தைந்து என்று காட்டியது. பன்னிரண்டில் வைத்தது என்றாள் செண்பகம். சுகிர்தா பிளக்கைப் பிடுங்கினாள். பாவாடையைத் தூக்கிப் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தாள். தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன சூடு.

“இதுல கம்ப்ரஸர் கெடையாது செண்பகம். ஒரு சில்லு இருக்கும். அது ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் கொதிக்கும். கொதிக்கிற பக்கத்துக்கு ஃபேன் காத்து அடிச்சிக்கினே இருக்கணும். ஃபேன் நின்னா உள்ள குளிர் நிக்காது.”

“ஐயோ. அப்ப ஃபேன் தான் போச்சா?”

“பாத்துத்தான் சொல்லணும். குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா.”

செண்பகம் உள்ளே போனாள். சுகிர்தா திருகுகளைக் கழற்றிப் பின் மூடியை எடுத்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. குடிலிலிருந்து உதிர்ந்த பஞ்சு, பாவாடைக்குள் இழுக்கப்பட்டு, ஃபேனின் நடுத்தண்டில் நூற்ற நூல் மாதிரி இறுகச் சுற்றியிருந்தது. இறக்கையில் ஒரு வைக்கோல் துண்டும் சிக்கியிருந்தது. கடகட என்று இரண்டு நாள் கத்தியது அந்த வைக்கோல். அப்புறம் பஞ்சு கழுத்தைப் பிடித்திருக்கிறது. சுகிர்தா வைக்கோலை உருவிப் போட்டாள். நகத்தால் ஒரு பிசிறுப் பஞ்சை இழுத்தாள். இறக்கை கால் சுற்று சுற்றி நின்றது. மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு ஊக்கு இருந்தால் மீதிப் பஞ்சை எடுத்துவிடலாம். ஊக்கு அவள் தாலிச் சரட்டிலேயே தொங்கியது.

அவள் கை ஊக்குக்குப் போகவில்லை. இது சரியானால் நாளைக்கு ஆயர் தூக்கும் கிண்ணம் செண்பகத்தின் கிண்ணம். சரியாகாவிட்டால் ரசம் தன் வீட்டுக்குத் திரும்பி வரும். நான் எதையும் கெடுக்கவில்லையே, கெட்டிருப்பதை விட்டுவிடுகிறேன், அவ்வளவுதானே என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. செண்பகம் தண்ணீரோடு வரும் கொலுசுச் சத்தம் கேட்டதும் மூடியை எடுத்துப் பொருத்தித் திருகை முறுக்கிவிட்டாள்.

“மோட்டார் எரிஞ்சி போச்சி செண்பகம். வெளிநாட்டு சாமான். இதுக்கு ஸ்பேரு இங்க எங்கயும் கெடைக்காது.”

செண்பகத்தின் முகம் விழுந்துபோனது. அதைப் பார்க்க சுகிர்தாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தண்ணீரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள்.

“அப்ப ரசம்?”

“என் ஊட்டுக்குக் கொண்டா. பாட்டிலுக்கு ஈரச் சாக்கு சுத்தி, தண்ணித் தொட்டியில எறக்கி வெச்சா நாளைக்குத் தாங்கும். நான் பாத்துக்க மாட்டனா?”

சாயங்காலம் இருவருமாகப் பாட்டில்களைக் கூடையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். எதிரே வந்தவர்கள் எல்லோரும் என்ன ஏது என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தரிடமும் சுகிர்தா நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றாள். போகும்போது, “நல்லவேளை நீ இருந்தக்கா” என்றாள். சுகிர்தா அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மஞ்சள் பட்டுக் கட்டிக்கொண்டு, ரசத்தைப் பளபளவென்று தேய்த்த சொம்பில் ஊற்றி, சுகிர்தா தானே கோயிலுக்குள் எடுத்துப் போனாள். கமிட்டிக்காரர்கள் வழிவிட்டார்கள். பாத்திரத்தில் ஊற்றும்போது ஆயர் ஜோஷ்வா முகர்ந்து பார்த்தார்.

“நல்ல வாசனை. நம்ம சுகிர்தாம்மா கைக்கே திரும்பி வந்துட்ச்சி பாரு” என்றார்.

இது செண்பகம் போட்டது ஐயா என்று சொல்ல ஒரு நொடி போதும். சுகிர்தா அந்த நொடியைப் புன்னகையில் கழித்துவிட்டாள்.

பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. பிறகு ஆயர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். பக்கத்தில் இருப்பவர்மேல் மனக்கசப்போ வஞ்சனையோ வைத்துக்கொண்டு இந்தப் பந்திக்கு வராதே, முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வா. ஒவ்வொரு மாதமும் கேட்கிற வார்த்தைதான். சுகிர்தாவின் காது அதைக் கொசுச் சத்தம் மாதிரி தள்ளிப் பழகியிருந்தது. அன்றைக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வரிசை எழுந்தது. அவளுக்குக் கால் எழவில்லை. பொறாமைக்காரி என்று சொல்லுங்கள், பொய்க்காரி என்று சொல்லுங்கள், தெய்வ பயமில்லாதவள் என்று மட்டும் சொல்ல முடியாது.

அந்தச் சபையில் திருவிருந்துக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தால் நூறு கண் பார்க்கும். அவளுக்கு வீட்டில் என்ன சண்டை, யாரோடு என்ன தகராறு என்று சாயங்காலத்துக்குள் கதை கட்டிவிடுவார்கள். வரிசையில் முன்னே போன செண்பகம் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் முழங்கால் போடாமல், கிண்ணத்தைத் தொடாமல் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னாக்கா, என்மேல கோவமா?” என்று காதோரம் கேட்டாள். “ரசத்த நான் எடுத்துக்கினதுல உனக்கு வருத்தம், எனக்குத் தெரியும். தப்பு தான். மன்னிச்சிக்கக்கா. வா, ரெண்டு பேருமா போலாம்.”

சுகிர்தாவுக்கு முதலில் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மன்னிப்புக் கேட்பதில்கூட இவளே முந்திக்கொண்டாளே! அந்தக் கோபத்தில்தான் உண்மை வெளியே வந்தது.

“மோட்டார் போவலடி. உன் குடிலு பஞ்சுதான் ஃபேன்ல சுத்திக்கினு கீது. ஊக்கால இழுத்தா வந்துடும். எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சிதான் பொய் சொன்னேன்.”

செண்பகத்தின் குரல் மாறியது.

“அது ஊட்ல இல்லக்கா. பண்டிகை நாளும் அதுவுமா செத்த சாமான் ஹால்ல இருக்கக் கூடாதுன்னு ராத்திரியே அவரு காயலாங்கடைக்குப் போட்டுட்டாரு.”

சுகிர்தா எழுந்து நின்றுவிட்டாள். ஆயர் கிண்ணத்தோடு இந்தப் பக்கம் பார்த்தார். வரிசையில் இருந்த ஸ்டீபனும் பார்த்தான். இரண்டு ஓர்ப்படிகளும், ஒருத்தி மஞ்சள் பட்டு, ஒருத்தி பச்சைப் பட்டு, திருவிருந்தின் நடுவே கோயிலை விட்டு வெளியேறிப் போனதைக் காலனி இன்றைக்கும் பேசுகிறது. காயலாங்கடைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். செண்பகம் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

காயலாங்கடை நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. துருப்பிடித்த தகரங்களுக்கு நடுவே ஃப்ரிட்ஜ் நின்றது. நீல விளக்கு எரிந்தது. பாவாடை இல்லை. கண்ணாடிக் கதவில் மூன்று விரலால் விபூதிப் பட்டை, நடுவே குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம். உள்ளே பாட்டில் படுக்கும் கம்பிகளில் வரிசையாக ரோஸ் மில்க் படுத்திருந்தது. கடைக்கார ஆதிகேசவன் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு நாஷ்டா தின்றுகொண்டிருந்தார். சுகிர்தா தன்னையறியாமல் காதைக் கொடுத்தாள். ஃபேன் சத்தமே இல்லாமல் சீராக ஓடியது. கம்பெனியில் இந்த ஃபேனைக் கொடுத்திருந்தால் யோசிக்காமல் பாஸ் போட்டிருப்பாள்.

“இது எங்க ஊட்டுதுண்ணா. தெரியாம போட்டுட்டாங்க. திருப்பிக் குடுத்துடுங்க” என்றாள் செண்பகம்.

ஆதிகேசவன் வாயில் இருந்ததை விழுங்கினார். “தானா தேடி வந்த பொருளும்மா. பொட்டு வெச்சிப் பூ போட்டாச்சி. என் பொண்டாட்டி காலையில தீபாராதனையே காட்டிட்டா. இனிமே வெளிய அனுப்பினா ராசி போயிடும்.”

“கோயிலுக்கு வேணும்ண்ணா.”

“எந்தக் கோயிலா இருந்தா இன்னா, பூஜை போட்டது போட்டதுதான். பேஜாரு பண்ணாதீங்க, நல்ல நாளு.” பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. “ஆமா, எவன் இத்த மோட்டார் போச்சின்னு சொன்னது? ஒரு கைப்பிடி பஞ்சு சுத்திக்கினு இருந்திச்சி. இழுத்துப் போட்டேன், ஓடுது. கண்ணு தெரியாத ஆளா?”

சுகிர்தா தரையைப் பார்த்தாள். பக்கத்தில் செண்பகம் மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

“எங்க ஊட்டு ஆளுதாண்ணா” என்றாள் செண்பகம்.

ஆதிகேசவன் மனசு கேட்காமல் ஆளுக்கு ஒரு ரோஸ் மில்க் எடுத்துக் கொடுத்தார். பல் கூசும் குளிர்ச்சி. வெளியே புளியமரத்தடியில் நின்று குடித்தார்கள். செண்பகம் பாதி குடித்துவிட்டுப் பாட்டிலைப் பார்த்தபடி சொன்னாள். “எங்க ஊட்ல இருந்தப்ப இவ்ளோ ஜில்லுன்னு இருந்ததே இல்ல.”

“நீ போட்ட பாவாடை காத்தை அடைச்சிக்கினு இருந்திச்சி. அத்த அப்பவே சொல்லியிருக்கணும்” என்றாள் சுகிர்தா. இத்தனைக்குப் பிறகு தனக்குச் சொல்ல வந்தது இதுதானா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. “செண்பகம், நான் பண்ணது...”

“உட்டுடு. ரசம் இனிமே உன் ஊட்லயே இருக்கட்டும். எங்க ஊட்ல வெக்க எடமும் இல்ல. நான் போட்டுத் தரேன், நீ வெச்சிக்க.” செண்பகம் காலிப் பாட்டிலைக் கடை வாசலில் வைத்துவிட்டு நேராக சுகிர்தாவைப் பார்த்தாள். “ஆனா ஒண்ணு. யாராவது நல்லா கீதுன்னு சொன்னா, யாரு போட்டதுன்னு நீதான் சொல்லணும். உன் வாயால.”

காலையில் ஆயர் தன் கையைப் புகழ்ந்தது இவள் காதிலும் விழுந்திருக்கிறது என்று சுகிர்தாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சரி என்றாள். செண்பகம் அவளுக்காகக் காத்திராமல் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

ஜனவரி முதல் ஞாயிறு. பின்வரிசைக் கிழவர் திருவிருந்து முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, “சுகிர்தா, உன் கைப்பக்குவமே தனி. தேனாட்டம் கீது” என்றார். சுற்றிலும் நாலு பேர் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி செண்பகம் ஸ்டீபனோடு பேசிக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுகிர்தாவுக்குப் பழைய எரிச்சல் அப்படியே கிளம்பி வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“செண்பகம் போட்டது தாத்தா” என்றாள்.

கிழவருக்குக் காது மந்தம். கையைக் காதில் குவித்துக்கொண்டு, “இன்னா?” என்றார்.

சுகிர்தா இன்னொரு முறை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.